எழுதி வைக்காத மொய்: ஒரு மூத்த கூடைப்பந்து நட்சத்திரத்தின் சம்பளக் குறைப்பும் அதன் பின்விளைவும்

2022 ஜூன் கடைசி வாரம். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஆடும் ஒரு மூத்த நட்சத்திரத்துக்கு அடுத்த ஓர் ஆண்டுச் சம்பளமாக 4.74 கோடி டாலர் காத்திருந்தது. 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் தடுக்க முடியாது. அவர் வேண்டாம் என்றார். ஒரு மாதம் கழித்து அதே ஃபிலடெல்ஃபியா அணிக்கே 3.3 கோடிக்குக் கையெழுத்திட்டார். விட்டுக்கொடுத்த பணத்தில் அணி வேறு ஆட்களைச் சேர்த்தது. எல்லோரும் பாராட்டினார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதே வீரர் அணியின் மேலாளரைப் பொது மேடையில் பொய்யர் என்றார். அக்டோபர் முடிவதற்குள் அவர் வேறு ஊருக்குப் போவது உறுதியாகிவிட்டது.

இடையில் என்ன நடந்தது என்பதுதான் இந்த ஆய்வு. ஆட்களைப் பெயர் சொல்லாமல் அவரவர் பொறுப்பை வைத்துக் குறிப்பிடுகிறேன். லீக்கைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு யார் யாரென்று இதற்குள் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்குக் கணக்கு புரிந்தால் போதும். இங்கே உள்ள தொகைகளும் தேதிகளும் பொதுவெளியில் இருப்பவை. அவற்றிலிருந்து நான் ஊகித்ததை ஊகம் என்றே சொல்லியிருக்கிறேன்.

## பின்னணி

சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லும் பேச்சு இந்த வீரரிடம் முதலில் வந்தது 2012-இல். அப்போது அவருக்கு 23 வயது. ஓக்லஹோமா சிட்டி அணியில் பெஞ்சிலிருந்து இறங்கி ஆடிக்கொண்டிருந்தார். விதிப்படி கிடைக்கக்கூடிய உச்சத் தொகையைவிடச் சில பத்து லட்சம் டாலர் குறைவாக நான்கு ஆண்டு ஒப்பந்தம் ஒன்றை நீட்டினார்கள். அவர் மறுத்தார். சீசன் தொடங்கச் சில நாட்களே இருந்த நேரத்தில் ஹியூஸ்டனுக்கு மாற்றிவிட்டார்கள்.

ஹியூஸ்டனில் அவரை வாங்கிய மேலாளர், அந்த வாரமே ஐந்து ஆண்டுக்குச் சுமார் 8 கோடி டாலர் உச்ச ஒப்பந்தத்தைக் கையில் கொடுத்தார். பிறகு எட்டு ஆண்டுகள் அந்த அணியே இவரைச் சுற்றித்தான் கட்டப்பட்டது. 2018-இல் லீக்கின் மிகச்சிறந்த வீரர் விருதும் வந்தது. 2020 இறுதியில் மேலாளர் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். சில வாரங்களில் வீரர் புரூக்ளினுக்குப் போனார். 2022 பிப்ரவரி 10 அன்று, அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் பெரிய கைமாற்று ஒன்றில் மேலாளர் அவரை மறுபடி தன்னிடம் கொண்டுவந்தார்.

இந்த நெருக்கத்தைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2022 கோடையில் நடந்தது முன்பின் தெரியாத இருவர் போட்ட பேரம் இல்லை. பத்து வருடப் பழக்கத்தில் நடந்த பேச்சு. பழக்கம் இருந்தால் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை என்று இரண்டு பக்கமும் நினைத்துக்கொள்ளும்.

அந்த வசந்தம் அவருக்கு நன்றாக முடியவில்லை. சீசன் முடிவில் நடக்கும் பிளேஆஃபில், முதலில் நான்கு ஆட்டம் வெல்லும் அணிதான் அடுத்த சுற்றுக்குப் போகும். அதன் இரண்டாம் சுற்றில் மியாமியிடம் ஆறு ஆட்டங்களில் தோற்றார்கள். கடைசி ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் அவர் கூடையை நோக்கி எறிந்தது இரண்டே முறை. அந்தப் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. தொடைத் தசைக் காயம் வேறு ஒரு வருடமாக விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. வயது 33-ஐ நெருங்கியது. முந்தைய அக்டோபரில் புரூக்ளினில் மூன்று ஆண்டுக்குச் சுமார் 16.1 கோடி டாலர் நீட்டிப்புக்கு வழி இருந்தும் அவர் கையெழுத்திடவில்லை என்பது இப்போது வேறு மாதிரித் தெரிந்தது.

## கணக்கு எங்கே இடித்தது

என்பிஏ சம்பள விதிகளை முழுதாக விளக்கினால் இந்தக் கட்டுரை முடியாது. இந்த நிகழ்வுக்குத் தேவையானது மூன்று கோடுகள்.

2022-23 சீசனுக்கு ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கான ஊதிய வரம்பு 12.37 கோடி டாலர். இது ரப்பர் போன்ற வரம்பு. தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் வீரரைத் தக்கவைக்க அணி இதைத் தாண்டலாம். அடுத்தது 15.03 கோடியில் சொகுசு வரிக் கோடு, தாண்டினால் அணி லீக்குக்கு வரி கட்ட வேண்டும். அதற்கும் மேல் 15.7 கோடியில் ஏப்ரன் என்று ஒரு கோடு. வெளியிலிருந்து ஆள் எடுக்க, வரம்பைத் தாண்டிய அணிகளுக்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றில் பெரியது மிட்-லெவல் விலக்கு. முழு அளவு சுமார் 1.05 கோடி, வரி கட்டும் அணிக்கு 65 லட்சம் மட்டும். இன்னொன்று இரண்டாண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் சிறிய விலக்கு, 41 லட்சம். முழு மிட்-லெவலையோ இந்தச் சிறிய விலக்கையோ தொட்டால், அந்த ஆண்டு முழுக்க ஏப்ரன் கோடு இரும்புச் சுவராகிவிடும். ஒரு டாலர்கூடத் தாண்ட முடியாது.

இப்போது ஃபிலடெல்ஃபியாவின் நிலை. அணியின் உயிர்நாடியான சென்டருக்கு (கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரர்) 3.36 கோடி. பழைய ஒப்பந்தத்தில் இருந்த ஃபார்வர்டு (முன்கள வீரர்) ஒருவருக்கு 3.76 கோடி. நம் வீரருக்கு 4.74 கோடி. மூன்றே பேருக்கு 11.86 கோடி. மற்றவர்களையும் சேர்த்தால் ஏப்ரனுக்கு அடியில் நிற்க வழியில்லை. அப்படியானால் கையில் இருப்பது 65 லட்சம் விலக்கு ஒன்றுதான். அந்தத் தொகைக்கு அவர்கள் தேடிய ஆள் கிடைக்க மாட்டார்.

அவர்கள் தேடியது யாரை என்பது ரகசியமில்லை. மியாமி தோற்கடித்த கையோடு சென்டரே செய்தியாளர்களிடம், எதிரணியில் இருந்த மூத்த தடுப்பாட்டக்காரர் ஒருவரைச் சொல்லி, இப்படிப்பட்ட முரட்டு ஆள் நம்மிடம் இல்லையே என்று வருத்தப்பட்டார். அந்தத் தடுப்பாட்டக்காரருக்கு வயது 37. ஹியூஸ்டனில் நம் வீரரின் பழைய கூட்டாளி.

## எடுத்த முடிவு

ஜூன் 29 கெடுவுக்குள் வீரர் தன் ஆப்ஷனை, அதாவது அந்த 4.74 கோடியை ஏற்கும் உரிமையைக் கைவிட்டார். ஜூன் 30 மாலை 6 மணிக்கு, ஒப்பந்தம் முடிந்த வீரர்களுக்கான ஃப்ரீ ஏஜென்ட் சந்தை திறந்தது. சற்று நேரத்திலேயே அந்தத் தடுப்பாட்டக்காரர் மூன்று ஆண்டுக்குச் சுமார் 3.3 கோடிக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. முழு மிட்-லெவல். ஹியூஸ்டனில் ஆடிய இன்னொருவர் சிறிய விலக்கில் வந்தார். நம் வீரர் எல்லோருக்கும் கடைசியில், ஜூலை இறுதியில் கையெழுத்திட்டார்: முதல் ஆண்டுக்கு 3.3 கோடி, இரண்டாம் ஆண்டுக்கு 3.56 கோடி. இரண்டாம் ஆண்டில் இருப்பதா போவதா என்று முடிவு செய்யும் உரிமை வீரரிடம்.

அந்த மாதம் கொடுத்த பேட்டியில் அவர் சொன்னதன் சாரம் இது: தேவையான ஆட்களை முதலில் எடுங்கள், மிச்சம் இருப்பதை எனக்குக் கொடுங்கள் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன்.

மிச்சம் என்பது சும்மா சொன்ன வார்த்தையில்லை. 4.74-இலிருந்து 3.3 போனால் 1.44 கோடி. புதிதாக வந்த இருவரின் முதல் ஆண்டுச் சம்பளம் 1.05-உம் 0.41-உம் சேர்த்து 1.46 கோடி. ஒரு சட்டைப்பையிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டதுபோல அப்படியே பொருந்துகிறது.

ஏன் இந்த முடிவு? அணிப் பக்கம் காரணம் தெளிவு. சென்டரின் உச்ச ஆண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன, சுற்றிலும் தடுப்பாட்டம் வேண்டும். வீரர் பக்கம், அதுவரை கிடைக்காத கோப்பை. அதோடு மியாமி தொடரில் விழுந்த பெயரைத் துடைக்கும் வாய்ப்பு. தியாகம் என்ற சொல் அந்த மாதம் நிறைய அடிபட்டது.

அந்தச் சொல்லில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. ஓர் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 1.44 கோடி நஷ்டம் என்பது உண்மை. இரண்டு ஆண்டுக் கணக்கில் பாருங்கள். புதிய ஒப்பந்தம் மொத்தம் 6.86 கோடியை உறுதி செய்தது. பழைய ஆப்ஷனையே எடுத்திருந்தால் 4.74 உறுதி, அதற்கடுத்த ஆண்டு திறந்த சந்தை. அந்த ஆண்டில் யாராவது 2.12 கோடிக்கு மேல் கொடுத்தால்தான் பழைய வழி லாபம். காயமும் வயதும் இருந்த ஒருவருக்கு இரண்டாம் ஆண்டு உறுதி என்பது சின்ன விஷயமில்லை. ஆக இது பாதி தியாகம், பாதி காப்பீடு. வெளியே முதல் பாதியை மட்டும் பேசினார்கள். பிற்பாடு வீரர் மனதிலும் அந்தப் பாதிதான் நின்றது போலிருக்கிறது.

## அப்போதே கண்ணில் பட்டவை

ஒப்பந்தத்தின் வடிவம் முதல் அறிகுறி. ஒன்று கூட்டல் ஒன்று என்ற அமைப்பு, அடுத்த கோடையில் திரும்ப உட்கார்ந்து பேசுவோம் என்று சொல்லாமல் சொல்கிறது. இந்த லீக்கில் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தை இடையில் நீட்டிக்க முடியாது. எனவே வீரருக்குக் கூடுதல் பணம் வேண்டுமென்றால் ஒரே வழி, 2023-இல் ஆப்ஷனை மறுபடி கைவிட்டுச் சந்தைக்கு வந்து, அதே அணியிடம் புது ஒப்பந்தம் வாங்குவது.

இரண்டாவது அறிகுறி, யாரும் எதையும் எழுத முடியாது என்பது. இப்போது குறைவாக வாங்கிக்கொள், அடுத்த வருடம் சரிக்கட்டித் தருகிறேன் என்று ஓர் அணி சொன்னால், வாயால் சொன்னாலும் கண்ணால் காட்டினாலும், அது ஊதிய வரம்பை ஏய்ப்பது. லீக் இதில் இரக்கம் பார்ப்பதில்லை. 2000-இல் மினசோட்டா அணி ஒரு வீரருடன் இப்படி ரகசியமாக எழுதிக்கொண்டது வெளியே வந்தபோது, 35 லட்சம் டாலர் அபராதத்தோடு, ட்ராஃப்டில் (அணிகள் புதிய இளம் வீரர்களை எடுக்கும் ஆண்டு நிகழ்வு) முதல் சுற்றுத் தேர்வுகளும் கொத்தாகப் போயின.

நம் ஊர்க் கல்யாணங்களில் மொய் எழுதும் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். மொய் அன்பளிப்புதான், ஆனால் நோட்டில் ஏறும். யார் எவ்வளவு வைத்தார் என்று பார்த்துத் திரும்பச் செய்வார்கள். இங்கே மொய் வைக்கலாம், நோட்டு வைக்கத் தடை. 1.44 கோடி மொய் வைத்தவர் தன் மனதில் ஒரு நோட்டு போட்டுக்கொள்கிறார். வாங்கியவர் மனதில் வேறு நோட்டு இருக்கிறது, அல்லது நோட்டே இல்லை. ரகசிய வாக்குறுதி எதுவும் இருந்தது என்று லீக் கண்டுபிடிக்கவில்லை. நானும் அப்படிச் சொல்லவில்லை. வாக்குறுதியே இல்லாமலும் எதிர்பார்ப்பு வளரும். பழக்கமான இருவர் நடுவே இன்னும் வேகமாக வளரும்.

மூன்றாவது, விசாரணை. சந்தை திறந்ததுமே எல்லாம் தயாராக இருந்ததை லீக் கவனித்தது. 2022 அக்டோபர் 31 அன்று முடிவு வந்தது: புதிதாக வந்த அந்த இருவரிடமும் அனுமதித்த நேரத்துக்கு முன்பே பேசியதற்காக, ஃபிலடெல்ஃபியாவின் 2023, 2024 இரண்டாம் சுற்றுத் தேர்வுகள் ரத்து. தொகை என்று பார்த்தால் பெரிய தண்டனை இல்லை. ஆனால் இனி இந்த அணி யாரிடமும் முன்கூட்டி வாயைத் திறக்கப் பயப்படும் என்பதுதான் அதன் நிஜமான விளைவு என்று நினைக்கிறேன்.

## சீசன்

ஆட்டம் நன்றாகவே போனது. 54 வெற்றி, 28 தோல்வி, கிழக்குப் பிரிவில் மூன்றாம் இடம். வீரர் காலில் அடிபட்டு நவம்பரில் சில வாரங்கள் உட்கார்ந்தார். திரும்பி வந்து ஆட்டத்துக்குச் சராசரி 10.7 அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்க உதவும் பாஸ்) கொடுத்து லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். சென்டர் சராசரி 33 புள்ளியோடு மிகச்சிறந்த வீரர் விருது வாங்கினார். மூத்த தடுப்பாட்டக்காரர் சராசரி 3.5 புள்ளிதான் எடுத்தார். அவரை எடுத்தது புள்ளிக்காக இல்லை என்பதால் அதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் 37 வயதில் மூன்று ஆண்டு ஒப்பந்தம் என்பது முதல் ஆண்டிலேயே கொஞ்சம் கனத்தது.

ஏப்ரல் தொடக்கத்தில் ஆடுகளத்துக்கு வெளியே ஒன்று நடந்தது. லீக்கும் வீரர் சங்கமும் புதிய கூட்டு ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டன. அதில் இரண்டாவது ஏப்ரன் என்று புதிய கோடு வந்தது, 2023-24-க்கு 18.28 கோடியில். அதைத் தாண்டும் அணிக்கு மிட்-லெவல் முழுக்கப் போகும், கைமாற்றுகளிலும் கை கட்டப்படும். மொய் வைத்தபோது இருந்த விதி ஒன்று, திருப்பிச் செய்ய வேண்டிய நேரத்து விதி வேறொன்று. பிளேஆஃப் பரபரப்பில் இதை யாரும் அதிகம் பேசவில்லை.

பிளேஆஃபில் புரூக்ளினை நான்குக்கு நான்கு வென்றார்கள். அடுத்து பாஸ்டன். முதல் ஆட்டத்தில் சென்டர் காயத்தால் இல்லை. பாஸ்டன் மண்ணில் நம் வீரர் 45 புள்ளி எடுத்து, கடைசி விநாடிகளில் மூன்று புள்ளி எறிந்து 119-115 என்று வென்று கொடுத்தார். நான்காம் ஆட்டத்தில் 42 புள்ளி. கூடுதல் நேரத்தில் மூலையிலிருந்து அவர் எறிந்த பந்துதான் 116-115 என்று முடித்தது. சம்பளக் குறைப்புக்குப் பலன் எது என்று கேட்டால் இந்த இரண்டு இரவுகளைக் காட்டலாம். அணி 3-2 என்று முன்னிலைக்கு வந்தது.

அப்புறம் இரண்டு ஆட்டமும் போயிற்று. ஏழாவது ஆட்டத்தில் 112-88. நம் வீரர் 11 எறிந்து 3 போட்டு, 9 புள்ளி. எதிரணி நட்சத்திரம் ஒருவர் மட்டும் 51. இரண்டு நாளில் பயிற்சியாளரை வேலையிலிருந்து எடுத்தார்கள்.

## 2023 ஜூன்

நிகழ்வின் மையம் இதுதான். ஆனால் வெளியே தெரிந்தது மிகக் குறைவு.

வீரர் ஆப்ஷனைக் கைவிட்டால் 2023-24-இல் அணி அவருக்குக் கொடுக்கக்கூடிய உச்சம் சுமார் 4.76 கோடி. ஆப்ஷனை எடுத்தால் 3.56 கோடி. முடிவு சொல்லக் கெடு ஜூன் 29. புது ஒப்பந்தத் தொகை பேசச் சந்தை திறப்பது ஜூன் 30 மாலை. அதாவது எவ்வளவு கிடைக்கும் என்று தெரிவதற்கு முதல் நாள், இருப்பதை விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். முந்தைய ஆண்டு இதே இடைவெளியை அவர் நம்பிக்கையோடு தாண்டினார். இந்த முறை அணி, தேர்வுகளைப் பறிகொடுத்த பயத்தில், வழக்கத்தைவிட மௌனமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். மௌனத்தை அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். பல மாதமாகப் பேச்சு அடிபட்ட ஹியூஸ்டனும், கார்டு எனும் பந்தை நடத்தும் இடத்துக்கு வேறு ஆளைத் தேடிப் போய்விட்டது.

ஜூன் 29 அன்று 3.56 கோடி ஆப்ஷனை எடுத்தார். அதே மூச்சில் தன்னைக் கைமாற்றிவிடச் சொன்னார். போக விரும்பிய இடம் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ்.

அணி அவசரப்படவில்லை. நல்ல விலை வராமல் கொடுப்பதில்லை என்று நின்றது. ஆகஸ்டில் கைமாற்றுப் பேச்சை நிறுத்திவிட்டதாகச் செய்தி வந்தது. இரண்டு நாளில் சீனாவில் ஒரு ஷூ நிறுவன நிகழ்ச்சியில் மைக்கைப் பிடித்த வீரர், மேலாளரைப் பெயர் சொல்லிப் பொய்யர் என்றார். அவர் இருக்கும் எந்த அமைப்பிலும் இருக்க மாட்டேன் என்றார். சொன்னதை நிறுத்தி, இன்னொரு முறையும் சொன்னார்.

லீக் 1 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அதற்கு முன் அவரை விசாரித்தார்கள். பொய்யர் என்றது, கைமாற்றுக் கோரிக்கையை அணி நிறைவேற்றாது என்ற எண்ணத்தில் சொன்னது என்று லீக்கின் அறிக்கை முடித்தது. 2022-இல் என்ன பேசினார்கள் என்ற கேள்வி அதோடு மூடப்பட்டது. வீரர் சங்கம் அபராதத்தை ஏற்கவில்லை. இங்கேயும் கவனியுங்கள்: 2022-இல் எனக்கு வாக்கு கொடுத்தார்கள் என்று வீரர் சொல்லியிருந்தால் அவரும் சேர்ந்து மாட்டியிருப்பார். மனதில் உள்ள நோட்டை வெளியே காட்டவும் வழியில்லாத வழக்கு இது.

## முடிவு, அதற்குப் பின்

அக்டோபர் 30 இரவு கைமாற்று முடிவானது. வீரரும் அந்த 37 வயதுத் தடுப்பாட்டக்காரரும் (அதற்குள் 38) கிளிப்பர்ஸுக்குப் போனார்கள். ஆக, சம்பளத்தை விட்டுக்கொடுத்தவரும் அந்தச் சம்பளத்தில் வந்தவரும் ஒரே விமானத்தில். பதிலுக்கு ஃபிலடெல்ஃபியாவுக்கு நான்கு வீரர்களும் எதிர்காலத் தேர்வுகளும் கிடைத்தன. அந்த நான்கு ஒப்பந்தங்களும் அதே சீசனோடு முடிபவை. மேலாளர் தேடியது அதைத்தான்: 2024 கோடையில் காலியான ஊதிய இடம்.

அந்த இடத்துக்காக அவர் இன்னொரு காரியமும் செய்தார். அணியின் இளம் கார்டுக்கு 2023-இலேயே உச்ச நீட்டிப்பு கொடுத்திருக்கலாம். கொடுக்காமல் ஓர் ஆண்டு காத்திருக்கச் சொன்னார். காத்திருந்தால் 2024 கோடையில், புது ஒப்பந்தம் போடும் வரை, அணியின் ஊதிய வரம்புக் கணக்கில் அவருக்குச் சுமார் 1.3 கோடி மட்டுமே பிடிக்கப்படும். முதலிலேயே நீட்டித்திருந்தால் 3.5 கோடி. வித்தியாசத்தில் ஒரு பெரிய வீரரைச் சேர்க்கலாம். இளைஞர் காத்திருந்தார். அந்த ஆண்டு நட்சத்திரமாக வளர்ந்தார். 2024 ஜூலையில் ஐந்து ஆண்டுக்கு 20.4 கோடி அவருக்கு வந்து சேர்ந்தது.

ஒரே அணி, ஒரே மேலாளர், ஒரே மாதிரியான பொறுத்துக்கொள் என்ற பேச்சு. ஒருவருக்குப் பலித்தது, மற்றவருக்கு இல்லை. மேலாளரின் குணம் ஓராண்டில் மாறவில்லை. இளைஞரைத் தக்கவைக்க வேண்டிய தேவை ஓராண்டில் கூடியது, 34 வயதுக்காரருக்கு உச்சத் தொகை கொடுக்கும் தேவை குறைந்தது. அணி இரண்டு தடவையும் தன் தேவைப்படிதான் நடந்தது.

காலியான இடத்தில் வந்தவர் யார் தெரியுமா? கிளிப்பர்ஸிலிருந்தே ஒரு மூத்த நட்சத்திரம், நான்கு ஆண்டுக்கு 21.2 கோடி. அவர் முதல் சீசனில் 41 ஆட்டங்களே ஆடினார். சென்டர் 19. ஃபிலடெல்ஃபியா 24-58 என்று முடித்தது. அதே 2024-25-இல் நம் வீரர் கிளிப்பர்ஸுக்காக 79 ஆட்டம் ஆடி, ஆண்டின் சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் லீக்கின் மூன்றாம் சிறப்பு அணியில் இடம்பிடித்தார். அணி 50 வெற்றி. 2024-இல் கிளிப்பர்ஸுடன் இரண்டு ஆண்டுக்கு 7 கோடி என்று ஒத்துக்கொண்டவர், 2025-இல் தன் ஆப்ஷனை மீண்டும் விட்டு இரண்டு ஆண்டுக்கு 8.15 கோடி என்று புது ஒப்பந்தம் போட்டார்.

இதை வைத்து வீரர் ஜெயித்தார், மேலாளர் தோற்றார் என்று எழுதுவது எளிது. காயம் யாருக்கு எப்போது வரும் என்று 2023-இல் யாருக்குத் தெரியும்? 24-58-க்குப் பெரிய காரணம் முழங்கால்கள்.

## மறுபடி நடந்தால் எதை மாற்றலாம்

வீரர் பக்கத்தில் நான் மாற்றுவது ஒப்பந்தத்தின் நீளம். ஆண்டுச் சம்பளத்தைக் குறைக்கச் சம்மதித்தால், அதற்கு ஈடாக ஆண்டுகளைக் கேட்டிருக்க வேண்டும். 3.3 கோடியில் தொடங்கி மூன்று ஆண்டு என்றால் அது தாளில் ஏறியிருக்கும், விதியும் அதைத் தடுக்கவில்லை. அணி மறுத்திருக்கலாம். மறுத்திருந்தால் அடுத்த ஆண்டு எங்கே நிற்போம் என்று ஓராண்டு முன்னதாகவே அவருக்குத் தெரிந்திருக்கும். ஒன்று கூட்டல் ஒன்று, சுதந்திரம் போலத் தோன்றினாலும், திருப்பிச் செய்வார்கள் என்ற நம்பிக்கையின் மேல்தான் நின்றது.

அணிப் பக்கத்தில், அடுத்த வருடம் சரிசெய்கிறேன் என்று சொல்வதைத்தான் விதி தடுக்கிறது. அடுத்த வருடம் எதற்கும் உத்தரவாதம் இல்லை என்று சொல்வதைத் தடுக்கவில்லை. அதை முகவரை வைத்துக்கொண்டு ஒருமுறை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் 4.74 கோடியை எடுத்துக்கொண்டு, 65 லட்சம் விலக்கோடு அணி திண்டாடியிருக்கும் என்ற பயம் இருந்திருக்கலாம். அந்தப் பயத்தின் விலையைப் பிறகு வேறு வகையில் கட்டினார்கள்.

கூடவே ஒரு தாளையும் அவர் முன் வைத்திருக்கலாம். சென்டரின் புதிய ஒப்பந்தம் 2021-இலேயே கையெழுத்தானது. அது 2023-24-இல்தான் தொடங்கும், ஊதிய வரம்பில் 35 சதவீதம். அதாவது அந்த ஒரு பெயருக்கு எதிரே மட்டும் 3.36 கோடி, 4.76 கோடியாக ஏறப்போகிறது. வித்தியாசம் 1.4 கோடி. நம் வீரர் விட்டுக்கொடுத்த தொகைக்கு ஏறக்குறைய சமம். 2022 ஜூலையில் அவர் கையெழுத்திட்ட அன்றே அந்த வரி அணியின் கணக்கில் இருந்தது.